போகலாமா என்று நீ கேட்டாய்

பாப்பாவுக்கு,

முந்தாநாள் காலையில் மதுரைக்கு டியூட்டிக்குத் திரும்புவதற்காக நீ உன் வெள்ளை உடுப்புக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாய். பெட்டிக்குள் கரி ஒன்று சடசடத்தது. காலரைத் திருப்பிப் போட்டுவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டாய். "போகலாமாப்பா?" நான் பதில் சொல்லவில்லை. ரயிலுக்கு இன்னும் நிறைய நேரம் இருந்தது. இருந்தும் செருப்பை மாட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்கு நடந்துவிட்டேன். வழியில் யாரோ வணக்கம் சொன்னார்கள். பதிலுக்குக் கையைத் தூக்கினேனா என்று ஞாபகமில்லை.

இதைச் சிவகாசியில், அச்சகத்தில், சாப்பாட்டு வேளையில் எழுதுகிறேன். மிஷின்கள் நின்றிருக்கின்றன. காலண்டர் சீசன் உச்சத்தில் இருக்கிறது. இந்த ஒரு மணி நேரம்தான் தரை அதிராமல் இருக்கும். கொஞ்சம் எழுதுவேன், மணி அடித்ததும் மடித்து டிபன் பாக்ஸுக்கு அடியில் வைத்துவிடுவேன், மறுநாள் தொடர்வேன். அதனால் துண்டு துண்டாக இருக்கும். நேரில் சொல்லத் தொடங்கினால் பாதியில் நிறுத்திவிடுவேன். என்னை உனக்குத் தெரியும்.

நம் வீட்டில் என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்ட இரண்டாவது ஆள் நீ. முதலில் கேட்டது உன் தங்கராஜ் மாமா. அவனுக்கு நான் சொன்ன பதில் உனக்குத் தெரியும். அவன் என்ன ஆனான் என்பதும் தெரியும். தெரிந்தும் என்னிடமே கேட்டாய்.

நைஜீரியாவில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் உனக்கு வேலை கிடைத்திருக்கிறது என்ற செய்தி பரவியதிலிருந்து விருதுநகரில் எல்லோரும் எனக்கு அந்த நாட்டைப் பற்றிச் சொல்லித் தந்துகொண்டிருக்கிறார்கள். நீ மதுரையில் டியூட்டியில் இருந்த ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து கோயில் வாசலில் பெண்கள் உன் அம்மாவைச் சூழ்ந்துகொண்டார்கள். "ஏன்மா, நர்ஸ் வேலைக்கு மெட்ராஸ் இல்லையா, வேலூர் இல்லையா? சிங்கம் திரியுற ஊருக்கா பொம்பளப் பிள்ளைய அனுப்புவீக?" என்றாள் ஒருத்தி. "சிங்கத்துக்கு என்னக்கா, பசிச்சாத்தான் அடிக்கும். மனுசப்பய அப்படியா?" என்றாள் இன்னொருத்தி. மூன்றாவது ஆள் இதையெல்லாம் விட்டுவிட்டு அம்மாவின் கழுத்தைப் பார்த்தாள். "சங்கிலி புதுசா?" அம்மா சிரித்தாள். "மகளோடது. கொக்கி சரியில்லைன்னு குடுத்தா. ஆசாரிகிட்டக் காட்டணும்."

அதற்கடுத்த நாள் பஜாரில் எண்ணெய் வித்துக் கமிஷன் கடை அண்ணாச்சி என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். அந்த நாட்டின் வடக்கே நிலக்கடலை மலை மாதிரி குவிந்து கிடக்குமாம். அங்கே விளைச்சல் எப்படி என்பதைப் பொறுத்து நம் ஊரிலும் விலை ஆடும் என்பதால் அவருக்கு அந்த நாடு பக்கத்துத் தெரு மாதிரி.

"வடக்கே ஆளையே வெட்டுதாகளாமே அண்ணாச்சி, பேப்பர்ல போட்டிருக்கான்" என்றேன்.

"பேப்பர்க்காரனுக்கென்ன, தெனமும் எட்டுப் பக்கம் ரொப்பணும்ல. கடலை கப்பல்ல ஏறுதா இல்லையா? அதைக் கேளுங்க. ஏறுது. பம்பாயிலருந்து தாக்கல் வந்திருக்கு. ஆளை வெட்டுற ஊர்ல மூட்டை தைக்க எவன் இருப்பான்? தைரியமா அனுப்புங்க."

அவர் நல்ல மனிதர். உன்மேல் அக்கறை உள்ளவர். ஆனால் அந்தக் குரல் எனக்குத் தெரிந்த குரல். எட்டு வருஷத்துக்கு முன்னால் என் வாயிலிருந்து வந்தது.

மணி அடித்துவிட்டது.

நான் கல்லூரியில் படித்தது சரித்திரம். ராஜ்யங்கள் எப்படி விழுந்தன என்று பக்கம் பக்கமாக எழுதி பட்டம் வாங்கியவன். வேலை கிடைத்தது காலண்டர் கம்பெனியில், ஆர்டர் பார்க்கும் மேஜையில். அந்த நாளில் நம் ஆர்டரில் நல்ல பங்கு இலங்கைக்குப் போனது. கொழும்பிலும் சுற்று ஊர்களிலும் கடை வைத்திருந்த நம் பக்கத்து ஆட்கள், மாதிரி ஆல்பத்தைப் பார்த்துப் படத்தைத் தேர்ந்தெடுத்து, கீழே கடைப் பெயரைப் போட்டுத் தரச் சொல்வார்கள். கடல் தாண்டிப் போகிற சரக்கு என்பதால் அவர்களுடைய ஆர்டர் மட்டும் பங்குனியிலேயே வந்துவிடும். அச்சகத்தில் எங்களுக்கு ஒரு நம்பிக்கை இருந்தது. அடுத்த வருஷத்துக்குக் காலண்டர் கேட்கிறவன் அடுத்த வருஷமும் கடை திறக்கப் போகிறவன். அவனுக்குத் தெரியாததா நமக்குத் தெரியப் போகிறது? எந்த நாட்டில் என்ன குழப்பம் என்று யார் கேட்டாலும் நாங்கள் செய்தித்தாளைப் பார்க்க மாட்டோம். ஆர்டரைப் பார்ப்போம்.

அந்த வருஷம் இலங்கை ஆர்டர் குறையவில்லை. கூடியது. ஆனால் படம் மாறியிருந்தது. வருஷா வருஷம் முருகனும் லட்சுமியும் கேட்ட கடைகள் புத்தர் படம் கேட்டன. ஒன்றிரண்டு கடைகள் கேட்டால் கவனித்திருக்க மாட்டோம். வரிசையாகக் கேட்டன.

"என்னய்யா இது, நம்ம ஆளுக பூராம் முருகனக் கைவிட்டுட்டாக?" என்று மிஷின்மேன் கேட்டார்.

"முருகனுக்கென்ன, ரெண்டு பொண்டாட்டி இருக்கு, பாத்துக்கிடும். புத்தர்தான் பாவம், தனியாளு" என்றான் கட்டிங் பையன். எல்லோரும் சிரித்தோம்.

முதலாளி சிரிக்கவில்லை. அவருக்குச் சந்தோஷம். "யாவாரம் பெருகுதுய்யா. சிங்களவன் நம்ம கடைக்கு வர ஆரம்பிச்சுட்டான். வாடிக்கைக்காரன் சாமியத்தான கடைக்காரன் கேப்பான்." எனக்கு அது மிகச் சரியாகப் பட்டது. நானே அதை வீட்டில் உன் அம்மாவிடம் சொன்னேன். நீயும் சாப்பிட்டுக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாய்.

அந்த ஈஸ்டருக்குத்தான் மாமா வந்தான். கொழும்புக்குத் தெற்கே ஒரு சின்ன ஊரில் அவனுடைய மளிகைக் கடை. ஈஸ்டருக்கு வருவது அவன் வழக்கம். எப்போதும் உனக்குத் தேயிலை டப்பாவும் வாசனை சோப்பும் வரும். அந்தத் தடவை கடைச் சுவரில் மாட்டியிருந்த கடிகாரத்தைத் துணியில் சுற்றித் தூக்கி வந்தான்.

"ஏலே, கொழும்புல கடியாரம் பாக்க ஆளா இல்ல? கடல் தாண்டிச் சொமந்துட்டு வந்திருக்க?" என்றாள் அம்மா.

"அங்கன கூலி சாஸ்திக்கா. நம்ம ஊர்ல காட்டிப் பாப்போம்."

"கூலி மிச்சம், கப்பல் கூலி யாரு குடுப்பா? இவன் கடை நடத்துற லட்சணம் இதுதானா?" அவள் சிரிக்கச் சிரிக்க அவனும் சிரித்தான். இன்னொரு துணிக்குள் அவர்களுடைய அப்பா அம்மா படம் இருந்தது. சட்டம் ஆடுகிறது, மாற்ற வேண்டும் என்றான். அதையும் நாங்கள் கேட்டுக்கொண்டோம்.

அவன் கடைக்கு ஆர்டர் நான்தான் எழுதுவேன். ஒவ்வொரு வருஷமும் நல்ல மேய்ப்பர் படம்தான். தோளில் ஆட்டுக்குட்டியோடு இயேசு. அந்தத் தடவை ஆல்பத்தை ரொம்ப நேரம் புரட்டிவிட்டு, "புத்தரையே போடுங்க அத்தான்" என்றான்.

"ஏன் மாப்ள, மேய்ப்பர் என்ன பண்ணுனார்?"

"அவர் கோவிச்சுக்கிட மாட்டார். தெருவுல போறவன்தான் கோவிப்பான்."

அதை நான் வியாபாரப் பேச்சாக எடுத்துக்கொண்டேன், பாப்பா.

கிளம்புவதற்கு முந்தின நாள் காலை. கிணற்றடியில் முகத்தில் சோப்பு நுரையோடு நின்றான். நான் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அங்கே தமிழ் எழுத்து உள்ள கடைப் பலகைகளில் தார் பூசுகிறார்கள் என்றான். பால் ஊற்றுகிறவன் பேச்சை நிறுத்திவிட்டான். பல வருஷமாக வாங்குகிற ஒருவர், ஒரு மாசம் ஊருக்குப் போய் இருந்துவிட்டு வாயேன் என்று சொல்லியிருக்கிறார். இதையெல்லாம் சவரக்கத்தியைத் தண்ணீரில் அலசிக்கொண்டே, வேறு யாருக்கோ நடந்தது மாதிரி சொன்னான். பிறகு கண்ணாடிக்குள் என்னைப் பார்த்துக் கேட்டான். "போகலாமா அத்தான்?"

நான் யோசிக்கக்கூட இல்லை. "எல்லாக் கடைக்காரனும் காலண்டர் கேட்டிருக்காம்லே. போன வருசத்த விடக் கூட. பயந்தவன் அடுத்த வருசத்துக்கு ஆர்டர் குடுப்பானா? தைரியமா போயிட்டு வா." அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. ஆல்பத்திலிருந்து புத்தர் படத்தைக் கழற்றிச் சுருட்டிக் கொடுத்தேன். காலண்டர் வருகிற வரைக்கும் இதைச் சட்டம் போட்டுக் கடையில் மாட்டு என்றேன்.

மதுரையில் வண்டி மாறிக் கப்பலுக்குத் தனுஷ்கோடி போக வேண்டும். ஸ்டேஷனில் நீ அவன் கையை விடாமல் நின்றாய். "கடியாரம் ரெடியானா இங்கனயே மாட்டி வைங்கக்கா. அடுத்த ஈஸ்டருக்கு எடுத்துக்கிடுதேன்" என்றான். வண்டி நகர்ந்தது. இப்போது அந்தத் தனுஷ்கோடியே இல்லை. கடல் கொண்டுபோய்விட்டது.

மறு வாரம், ரிப்பேருக்குக் கொடுத்திருந்த கடிகாரத்தை வாங்கப் போனேன். கடைக்காரர் குழம்பிப்போய்த் திருப்பித் தந்தார். "இதுல என்ன பாக்கச் சொன்னீக? சாவி குடுத்தா ஓடுது." வீட்டுக்கு வந்து சொன்னேன். நானும் உன் அம்மாவும் சிரித்தோம். பைத்தியக்காரப் பயல் என்றாள். உன் படிப்பு மேஜைக்கு மேலே மாட்டினோம். நீ அதற்குக் கீழே உட்கார்ந்துதான் பள்ளி முடித்தாய்.

பிறகு செய்தி வந்தது. செய்தி என்றால் கொஞ்சம் கொஞ்சமாக. கொழும்பில் கலவரம். ஊரடங்கு. பெயர்கள் இல்லை. நம் தெருவில் ரேடியோ வைத்திருந்தவர் வாசலில் நின்று சொன்னார்: "கொழும்பு ஸ்டேஷன்ல பாட்டுப் போட்டுக்கிட்டுத்தான் இருக்கான். அம்புட்டு மோசமா இருந்தா பாட்டுப் போடுவானா?" அம்மா அதைப் பிடித்துக்கொண்டாள். சாயங்காலம் ஆனால் அவர் வீட்டு ஜன்னலோரம் போய் நிற்பாள். பாட்டு வந்தால் திரும்பி வந்து உலை வைப்பாள்.

கடைசியில் நேரில் செய்தி கொண்டு வந்தவர் ஒரு சாத்தூர்க்காரர். மாமா கடைக்கு எதிரில் டீக்கடை வைத்திருந்தவர். அகதிகளோடு கப்பலில் வந்து, சொந்த வீட்டுக்குப் போவதற்கு முன்னால் நம் வீட்டுக்கு வந்தார். நீ கதவுக்குப் பின்னால் நின்றாய். உன்னை உள்ளே போகச் சொல்ல எனக்குத் தோன்றவில்லை.

"பக்கத்து வீட்டுச் சிங்கள அம்மா எங்க ரெண்டு பேரையும் கூப்பிட்டுச்சு. வாங்க, எங்க வீட்டுக்குள்ள வந்து இருங்கன்னு. நான் போயிட்டேன். அரிசி மூட்டைக்குப் பின்னால ஒளிச்சு வச்சு, அது சாப்பிட்டதுல பாதிய எனக்குப் போட்டுச்சு. தங்கராசு வரல. 'எனக்கென்னண்ணாச்சி, அதான் படம் மாட்டியிருக்கேம்ல'ன்னான். மொத நாள் வந்தவங்க படத்தப் பாத்தாங்க, கும்பிட்டாங்க, போயிட்டாங்க. மறுநாள் வேற கூட்டம்."

தண்ணீர் கேட்டார். குடித்தார்.

"அந்தப் படத்தப் பதனமா கழட்டி எதுத்த செவுத்துல சாச்சு வச்சாங்க. ஒரு கீறல் விழல. அதுக்கப்புறம்தான் கடைக்குத் தீ வச்சாங்க."

"உள்ளயா இருந்தான்?" என்று அம்மா கேட்டாள். அவர் தம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நேற்று இந்த இடத்தில் நிறுத்தினேன். டிபன் பாக்ஸைத் திறக்கவில்லை. கொண்டுபோன சோறு அப்படியே திரும்பி வந்ததை அம்மா பார்த்தாள்.

இலங்கைக்குப் போக வேண்டிய காலண்டர்கள் அச்சாகி, போக வழியில்லாமல் கோடவுனில் கிடந்தன. வருஷம் முடிகிற சமயத்தில் அம்மா கேட்டாள். "அவன் கடைக் காலண்டர் அச்சாயிருச்சா?" ஆயிற்று என்றேன். "ஒண்ணு கொண்டாங்க." அடுத்த வருஷம் முழுவதும் நம் வீட்டுச் சுவரில் புத்தர் இருந்தார், கீழே தங்கராஜ் ஸ்டோர்ஸ் என்ற எழுத்தோடு. தினமும் காலையில் அம்மா தாளைக் கிழித்தாள். கிழித்த தாளில் உப்பும் மிளகாய்ப்பொடியும் மடித்து, பள்ளிக்கூடத்தில் கொய்யாக்காயோடு தின்ன உனக்குக் கொடுத்தாள். வீடு சந்திக்க வந்த போதகர் அதைப் பார்த்துவிட்டு, "என்னம்மா இது, நம்ம வீட்டுல?" என்றார். "எந்தம்பி கடைக் காலண்டர், ஐயா" என்றாள். அவர் கிட்டே போய்க் கீழே இருந்த பெயரைப் படித்தார். பிறகு, ஜெபம் பண்ணுவோமா என்றார். அந்தப் படத்துக்குக் கீழேயே எல்லோரும் முழங்காலிட்டோம்.

இந்த எட்டு வருஷத்தில் உன் அம்மா என்னை ஒரு வார்த்தை சொன்னதில்லை.

போன வருஷம் நீ விடுப்பில் வந்திருந்தபோது மேற்கே ஒரு சத்தம் கேட்டது நினைவிருக்கிறதா? பட்டாசு ஆலையில் மருந்து அறை வெடித்த சத்தம். தெருவில் எல்லோரும் அப்படியே நின்றார்கள். எந்தக் கம்பெனி, எந்தக் கம்பெனி என்பதுதான் பேச்சு. நீ செருப்புக்கூடப் போடாமல் பெரியாஸ்பத்திரிக்கு ஓடினாய். மறுநாள் வந்தாய். உன் உடுப்பிலிருந்து கந்தக வாடை போக மூன்று தடவை துவைக்க வேண்டியிருந்தது. கருகிப்போய்க் கிடந்த ஒரு பெண்ணின் தாயைப் பற்றிச் சொன்னாய். அடுத்த வாரமே இளைய மகளை அதே கம்பெனி வண்டியில் ஏற்றிவிட்டாளாம். எப்படி மனசு வந்தது என்று நீ கேட்டதற்கு, "இப்பத்தான வெடிச்சிருக்கு, இனிமே பத்திரமா இருப்பாக" என்றாளாம். இப்போது நைஜீரியா பேச்சு வந்தபோது அதைத்தான் என் முன்னால் எடுத்து வைத்தாய். "இங்கன மட்டும் என்னப்பா? அந்தம்மாவும் கணக்குப் பாத்துத்தான் அனுப்புனா." அதற்கு ஒன்று மட்டும் சொல்லலாம். இங்கே சத்தம் கேட்டால் எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று உன் காலுக்குத் தெரியும். அங்கே தெரியாது.

இரண்டு மாதமாக வாசகசாலைக்குப் போய் ஆங்கிலத் தாளில் அந்த நாட்டின் பெயரைத் தேடித் தேடிப் படிக்கிறேன். ஒரே வருஷத்தில் இரண்டு தடவை ராணுவம் ஆட்சியைப் பிடித்திருக்கிறது. வடக்கே இருந்த கிழக்கத்தியர்களை அடித்து விரட்டுகிறார்கள். அவர்கள் ரயிலேறிக் கிழக்கே ஓடி வருகிறார்கள். நீ போகிற ஆஸ்பத்திரி கிழக்கே. சண்டை வடக்கேதானேப்பா என்று நீ சொன்னாய். அந்த ஆஸ்பத்திரி மேட்ரன் எழுதிய கடிதத்தை எனக்குப் படித்துக் காட்டினாய். தினமும் ரயில் நிறைய வந்து இறங்குகிறார்கள், கட்டுப் போடக் கை போதவில்லை, சீக்கிரம் வா என்று எழுதியிருந்தார். நீ அதைப் படிக்கும்போது உன் குரல் நிமிர்ந்தது. நீ ஒரு இடத்தில் தேவைப்படுகிறாய். அந்த நிமிர்வு எனக்குப் புரிகிறது. ஆனால் நான் கேட்டது வேறு. கடிகாரத்தைத் துணியில் சுற்றிக்கொண்டு ஒரு ஊரே ரயிலில் வந்து இறங்குகிறது. அதுதான் எனக்குக் கேட்டது.

மாமா விஷயத்தில் எனக்கு எல்லாம் தெரிந்திருந்தது, பாப்பா. தார் தெரியும், பால்காரன் தெரியும், புத்தர் தெரியும். ஒன்றைக்கூட யாரும் என்னிடமிருந்து மறைக்கவில்லை. பயத்தை வியாபாரம் என்று படித்தேன், அவ்வளவுதான். இந்தத் தடவை அப்படிப் படிக்க மாட்டேன்.

நேற்று ராத்திரிச் சோற்றுக்கு உட்கார்ந்தபோது அம்மா கேட்டாள். "பிள்ள கேட்டாளாமே. என்ன சொன்னீக?"

"ஒண்ணும் சொல்லல."

குழம்பை ஊற்றினாள். கரண்டியைச் சட்டியில் போட்டாள். "அன்னைக்குச் சொல்லாம இருந்திருக்கலாம்" என்றாள். எட்டு வருஷத்தில் முதல் தடவை. நான் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சட்டியை மூடிவிட்டு அவளே, "இன்னைக்குச் சொல்லணும். அவ கேட்டிருக்காள்ல. வாயத் தொறந்து சொல்லுங்க" என்றாள்.

அப்போதுதான் நிமிர்ந்து அவளைப் பார்த்தேன். கழுத்தில் உன் சங்கிலி.

"இன்னும் ஆசாரிகிட்டக் குடுக்கலையா?"

"நேரமில்ல. அதுவரைக்கும் கழுத்துலயே கெடக்கட்டும்னு போட்டேன்."

"கொக்கி சரியில்லைன்னு சொன்னாள்ல? எப்படி நிக்குது?"

அவள் கை பின்கழுத்துக்குப் போனது. கொக்கியைத் தொட்டாள். கழற்றினாள், மாட்டினாள். மறுபடியும் கழற்றினாள். பிறகு இருவரும் சுவரில் ஓடிக்கொண்டிருந்த கடிகாரத்தைப் பார்த்தோம்.

ஆக, அந்த நாடு பத்திரமில்லை என்று உனக்கும் தெரியும். எனக்கு முன்னாலேயே தெரியும். மதுரையிலிருந்து வந்து சங்கிலியைக் கழற்றிக் கொடுத்த அன்றே தெரிந்திருக்கிறது. பிறகு ஏன் என்னிடம் கேட்டாய் என்று இன்று காலை ரயிலில் யோசித்துக்கொண்டே வந்தேன். மாமா ஏன் கேட்டான்? அவனிடம் எல்லாத் தகவலும் இருந்தது. என்னிடம் இருந்தது ஆர்டர் மட்டும்தான். முகத்தில் நுரையோடு, கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு, அவன் என்னிடம் கணிப்புக் கேட்கவில்லை. போகாதே என்று யாராவது ஒருத்தர் சொல்ல வேண்டும் என்று நின்றிருக்கிறான். சொல்லியிருந்தால் ஒருவேளை கடையை மறந்திருப்பான். ஒருவேளை கேட்காமல் போயிருப்பான். அது எனக்குத் தெரியப் போவதில்லை.

நீ எதற்காகக் கேட்டாய் என்பதும் எனக்குத் தெரியவில்லை. தடுக்கச் சொல்லிக் கேட்டாயா, அனுப்பி வைக்கச் சொல்லிக் கேட்டாயா? இரண்டில் எதுவானாலும் என் பதில் ஒன்றுதான். அந்த நாடு பத்திரமான நாடு இல்லை. கிழக்கும் பத்திரமில்லை. போகாதே.

சொல்லிவிட்டேன்.

இதைப் படித்த பிறகும் நீ போவாய் என்றே நினைக்கிறேன். வெறுங்காலோடு பெரியாஸ்பத்திரிக்கு ஓடினவள் நீ. போனால், முதல் வாரத்தில் ஆஸ்பத்திரிக்கு வெளியே ஒரு வீட்டைத் தெரிந்துகொள். அந்த ஊர்க்காரர் வீடு. உன் பெயரைத் தெரிந்த, நீ தட்டினால் கதவைத் திறக்கிற வீடு. அந்தச் சிங்கள அம்மா மாதிரி ஒருத்தியை நேரம் செலவழித்துத் தேடு. எந்த வேஷமும் எந்தப் படமும் உன்னைக் காக்கும் என்று நம்பாதே. உன் வெள்ளை உடுப்பையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். அங்கே கூட்டுகிறவள், துணி வெளுக்கிறவள், சந்தையில் கிழங்கு விற்கிறவள், இவர்கள் தங்கள் பிள்ளைகளை வேறு ஊருக்கு அனுப்பத் தொடங்கினால் நீயும் அன்றைக்கே கிளம்பு. காரணம் கேட்டுக்கொண்டு நிற்காதே. யாராவது நன்றாக ஓடுகிற சாமானை ரிப்பேர் என்று சொல்லித் தூக்கிக்கொண்டு போனால், கிளம்பு. கட்டுப் போட வேண்டியவர்கள் வரிசையில் இருப்பார்கள். இன்னும் ஒருத்தர், இன்னும் ஒருத்தர் என்று உனக்குத் தோன்றும். அந்த வரிசை முடியாது, பாப்பா. முடிகிற வரைக்கும் இருக்கிறேன் என்று நினைக்காதே. கிளம்பி வந்தவளை இந்த வீட்டில் யாரும் கோழை என்று சொல்ல மாட்டார்கள். உன் அம்மா வாசலில் நின்று கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போவாள். ஒரு கேள்வி கேட்க மாட்டாள்.

இன்னும் ஒன்று. போவதாக இருந்தால் அந்தச் சங்கிலியைப் போட்டுக்கொண்டு போ. அவசரத்துக்கு விற்றால் ஒரு கப்பல் சீட்டுக்கு ஆகும், அதற்காகவும்தான். ஆனால் முக்கியமாக, திரும்பி வருகிறவள் போகிற மாதிரி போ. உன் சாமான் எதையும் இங்கே விட்டுப் போகாதே. இந்த வீட்டில் ஏற்கெனவே ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை தோறும் அதற்கு நான்தான் சாவி கொடுக்கிறேன்.

சங்கிலியை அம்மா கழற்றிக் கடிகாரத்துக்குக் கீழே, உன் மேஜைமேல் வைத்திருக்கிறாள். கொக்கியில் ஒரு குறையும் இல்லை.

அப்பா